இறப்பரின் முதுமையும் மனிதனின் ஆயுளும்

நெடுநாள் திறவாதிருந்த மேசை லாச்சியைத் திறக்கும்போது அதனுள்ளே கிடக்கும் இறப்பர் வளையத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வாங்கிய அன்று இழுத்த இழுப்புக்கெல்லாம் இசைந்து கொடுத்த அது, இன்று கடதாசியோடு ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கிறது. அல்லது உலர்ந்த கொடிபோலத் தொட்டவுடன் முறிந்துவிடுகிறது. அதனை யாரும் பயன்படுத்தவில்லை. அதற்கு யாரும் தீங்கு செய்யவுமில்லை. 'பழசாகிவிட்டது' என்று கூறி எறிந்துவிடுகிறோம். அவ்வாறு கூறிவிட்டால் காரணத்தையும் கூறிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் எப்பொருளும் காரணமின்றிப் பழசாவதில்லை. காலம் என்பது பொருள்களைத் தின்னும் பூதமன்று; அக்காலத்தினுள் அப்பொருளின் மீது ஏதோவொன்று செயற்பட்டிருக்கிறது. அது யாது என்பதை ஐயந்திரிபறக் கண்டறிய மனிதருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. கண்டறியும் போதே அதனைத் தடுக்கவும் கற்றனர். இன்று நாம் அணியும் செருப்பு, தோட்டத்துக்கு நீர் கொண்டுசெல்லும் பொலித்தீன் குழாய், மின்கம்பியின் உறை, மருத்துவமனையின் ஊசிக்குழல், அரிசி வரும் சாக்கு ஆகிய பொருள்களிலே பெரும்பாலும் நூற்றிலொரு பங்கு அல்லது அதனிலும் மிகக் குறைவான அளவிற் கலந்து நின்று, அவற்றின் மூப்பைத் தள்ளிப்போடும் இரசாயனப் பொருள்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானவை பீனோல் குடும்பத்தைச் சேர்ந்த ஒட்சியேற்றத் தடுப்பான்கள்.

இவற்றின் வரலாறு ஆய்வுகூடத்தின் வரலாறு மட்டுமன்று. தந்திக் கம்பிகளால் உலகைக் கட்டிய பேரரசும், நச்சுவாயுப் போரும், மலாயாவிலும் இலங்கையிலும் பால்வெட்டிய தொழிலாளரும், தொழிற்சாலையிலே நோயுற்று மாண்டோரும் இதில் இடம்பெறுகின்றனர். பொருளின் ஆயுளை நீட்டக் கற்ற சமுதாயம், அப்பொருளை ஆக்கியோரின் ஆயுளை எவ்வாறு மதித்தது? இக்கேள்வியை மனத்திற்கொண்டே இவ்வரலாற்றை நாம் நோக்க வேண்டும்.

கடலடிக் கம்பி எழுப்பிய கேள்வி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியருக்கு இறப்பர் ஒரு விந்தைப் பொருளாகவே இருந்தது. 1823 இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மக்கின்டொஷ், இரு துணிகளுக்கிடையே இறப்பரைப் பூசி நீர் புகாத துணியை ஆக்கினார். எனினும் அது வெயிலில் இளகியது, குளிரில் விறைத்தது. 1839 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். இங்கிலாந்தில் தோமஸ் ஹான்கொக் 1840களில் இம்முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். வல்கனைசுப்படுத்தல் எனப்படும் இம்முறையே இறப்பரைத் தொழிற்சாலைப் பொருளாக்கியது. ஆயினும் வெப்பத்தையும் குளிரையும் வென்ற இம்முறையால் மூப்பை வெல்ல முடியவில்லை. சில ஆண்டுகளில் இறப்பர்ப் பொருள்கள் பிசுபிசுத்தன, அல்லது வெடித்தன.

ஒரு மழையங்கி பழுதானால் நட்டம் ஒருவருக்கே. ஆனால் தந்திக் கம்பி பழுதானால் நட்டம் பேரரசுக்கு. எனவே இக்கேள்விக்கு விடை தேட வேண்டிய அவசியம் கம்பியிலிருந்தே பிறந்தது. மலாய்த் தீபகற்பம், சுமாத்திரா, போர்ணியோ ஆகிய இடங்களின் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பாலிலிருந்து பெறப்படும் கட்டாபேர்ச்சா என்னும் பொருள், இறப்பருக்கு நெருங்கிய உறவினது, மின்னைக் கடத்தாதது. 1851 இல் டோவருக்கும் கலேக்கும் இடையேயும், 1866 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் குறுக்கேயும் இடப்பட்ட கம்பிகளுக்கு இதுவே உறையாயிற்று. அதன் பாலைப் பெறும்பொருட்டுக் காட்டு மரங்கள் திரள்திரளாக வெட்டி வீழ்த்தப்பட்டன. அரசாணைகளும் பருத்தி விலையும் படைநகர்வுச் செய்திகளும் அம்மரப்பாலின் காவலிலே கடலடியில் ஓடின.

கடலின் ஆழத்திற் கிடந்தபோது நீடித்திருந்த இவ்வுறை, காற்றும் வெப்பமும் பட்ட இடங்களில் நொறுங்கிப் போனது. அக்காலத்தில் இலண்டனிற் பணியாற்றிய ஜேர்மன் இரசாயன அறிஞர் ஓகஸ்ட் வில்ஹெல்ம் ஹொப்மன், கீழைத்தேசத் தந்திக் கம்பியிலிருந்து பெறப்பட்ட பழுதடைந்த கட்டாபேர்ச்சாவை ஆராய்ந்து, அது காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று மாறியிருந்தது என்று 1861 இல் எடுத்துரைத்தார். 1865 இல் ஜோன் ஸ்பில்லர் என்பார், பழுதடைந்த இறப்பர்த் துணியிலிருந்து பிசின் போன்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதிலே தூய இறப்பரில் இல்லாத ஒட்சிசன் சேர்ந்திருப்பதைக் காட்டினார். இரும்பைத் துருவாக்கும் அதே ஒட்சிசன், நாம் மூச்செடுக்கும் அதே ஒட்சிசன், இறப்பரையும் மெல்லத் தின்கிறது என்பது அன்று வெளிப்பட்டது.

கரித்தாரும் புகைக்கூடமும்

நோயின் காரணம் ஓரளவு தெரிந்தது, மருந்து யாது? கைக்கு எட்டிய மருந்து நிலக்கரித் தாரிலே கிடைத்தது. 1834 இல் ருங்கே என்னும் ஜேர்மன் அறிஞர் தாரிலிருந்து பிரித்தெடுத்த பீனோல், 1865 இல் லிஸ்ரர் என்னும் சத்திரவைத்தியரின் கையிலே புண் அழுகுவதைத் தடுக்கும் மருந்தாகப் புகழ்பெற்றது. 1870 இல் அமெரிக்காவில் மேர்பி என்பவர், வல்கனைசுப்படுத்திய இறப்பரைப் பீனோல், கிரெசோல் முதலியவற்றாற் பதப்படுத்தி அதன் கேட்டைத் தடுக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். இன்று உலகமெங்கும் வழங்கும் பீனோல் தடுப்பான்களின் மூதாதை அதுவே எனலாம். ஆனால் அது ஏன் பயன்படுகிறது என்பதை மேர்பியும் அறியார், வேறெவரும் அறியார். அனுபவம் முன்னே நடந்தது. விளக்கம் பின்னாலே வந்தது. விஞ்ஞான வரலாற்றிலே இது புதிதன்று.

இவ்விடத்தில் நம் நாடு இவ்வரலாற்றினுட் புகுகின்றது. 1876 இல் ஹென்றி விக்கம் என்பவர் அமேசன் பகுதியிலிருந்து கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் இடப்பட்டன. முளைத்தவற்றுள் 1,919 கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி பெருகியபோது இலங்கையிலும் மலாயாவிலும் காடுகள் அழிந்து இறப்பர்த் தோட்டங்களாயின. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலே தமிழ்த் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் பட்டை சீவினர். மலாயாவின் பெருந்தோட்டங்களிலே போருக்கு முந்திய காலத்தில் உழைத்தோருட் பெரும்பாலானோர் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகளாற் கொண்டுசெல்லப்பட்ட தமிழரே.

அத்தொழிலாளர் தம்மையறியாமலே பீனோலைக் கையாண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பாலை உறையவைத்துத் தாளாக அழுத்தி, விறகுப் புகை சூழ்ந்த புகைக்கூடத்திலே தொங்கவிடுவார்கள். தாள் உலர்வதோடு, புகையிலுள்ள பீனோற் பொருள்கள் அதன்மீது படிந்து பூஞ்சணம் பிடியாது காக்கும். அமேசன் காட்டு மக்களும் கொட்டைகளை எரித்த புகையிலேதான் பாலைப் பதப்படுத்தினர். மேலும், மரம் தன் பாலைத் தற்காப்பின்றி விடுவதில்லை. இறப்பர்ப் பாலில் இயல்பாகவே சில ஒட்சியேற்றத் தடுப்பான்கள் உள்ளன. அவற்றுள் தொக்கோதிரையினோல்கள் என்பவை உயிர்ச்சத்து 'ஈ' குடும்பத்தைச் சேர்ந்தவை. அவையும் பீனோல் அமைப்புக் கொண்டவையே. அசற்றோன் என்னும் திரவத்தால் இறப்பரைக் கழுவி இத்தகைய பொருள்களை நீக்கிவிட்டால் அது விரைவில் மூப்படைகிறது. மாறாக, செம்பு, மங்கனீசு ஆகிய உலோகங்கள் அணுவளவு கலந்தாலும் மூப்பு விரைவாகும். பால் பட்ட பாத்திரங்களிலே செம்பு கூடாதென்ற தோட்ட விதிக்குக் காரணம் இதுவே.

நச்சுவாயுவிலிருந்து ஒரு விதி

ரயர்த் தொழில் வளர வளர இறப்பரின் ஆயுள் இலாபத்தின் அளவுகோலாயிற்று. 1906 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஜோர்ஜ் ஒன்ஸ்லேகர் என்பவர், அனிலீன் முதலிய சேதனப் பொருள்கள் வல்கனைசுப்படுத்தலை விரைவுபடுத்துவதைக் கண்டார். 1908 இல் ஜேர்மனியின் ஒஸ்ற்வால்ட் சகோதரர்கள் அனிலீன் போன்ற அமீன்கள் இறப்பரின் கேட்டைத் தடுக்கின்றன என்று ஆக்கவுரிமை பெற்றனர். எனினும் இவையும் தடவித் தேடிக் கண்டவையே. பொதுவிதி எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்தது.

முதலாம் உலகப் போரிலே நச்சுவாயு பயன்பட்டதை நாம் அறிவோம். கண்ணையும் மூச்சையும் எரிக்கும் அக்ரோலீன் என்னும் பொருளைப் போர்க்கருவியாக்க விரும்பிய பிரெஞ்சு அரசுக்கு ஒரு தடை இருந்தது. அது சேமித்து வைக்கும்போதே தானாக மாறிக் கெட்டுவிடும். அதனை நிலைபெறச் செய்யும் பணி சார்ள்ஸ் மூரோ, சார்ள்ஸ் டியுபிரெய்ஸ் என்னும் இரு அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐதரோகுயினோன் போன்ற பீனோற் பொருள்களிற் சிறு துளி சேர்த்தால் அக்ரோலீன் கெடாதிருப்பதை அவர்கள் கண்டனர். மேலும் ஆராய்ந்தபோது, ஒட்சிசனால் மாறும் பல்வேறு பொருள்களையும் இத்தகைய துளிகள் காப்பது தெரியவந்தது. 1922 இல் இவர்கள் இதனை வெளியிட்டு, இப்பொருள்களுக்கு 'ஒட்சிசன் எதிரிகள்' எனப் பொருள்படும் பெயரிட்டனர். மனிதனின் மூச்சை அடைக்கும் வாயுவை நிலைபெறச் செய்யப் புறப்பட்ட ஆராய்ச்சி, எண்ணெய்க்கும் உணவுக்கும் இறப்பருக்கும் பயன்படும் பொதுவிதியாக வெளிவந்தது. அறிவு ஒன்றே, அதற்குக் கட்டளையிடுவோர் யார் என்பதிலேதான் வேறுபாடு.

சங்கிலியும் அதன் கண்ணியும்

இப்போது ஒரு புதிர் எஞ்சியது. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைக் காக்க ஒரே ஒரு மூலக்கூறு எவ்வாறு போதுமாகும்? டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்தியன்சன் 1924 இல் தந்த கருத்தும், சுவீடனைச் சேர்ந்த பெக்ஸ்ற்றம் 1927 இற் செய்த பரிசோதனைகளும் விடை தந்தன. ஒட்சியேற்றம் ஒவ்வொரு மூலக்கூறிலும் தனித்தனியே நிகழ்வதன்று. அது ஒரு சங்கிலித் தாக்கம். ஒன்று எரிந்து அடுத்ததை எரிக்கிறது. சங்கிலித் தாக்கங்களின் பொதுக் கொள்கையை வளர்த்த சோவியத் அறிஞர் நிக்கொலாய் செமியோனோவும் பிரித்தானிய அறிஞர் ஹின்ஷெல்வுட்டும் 1956 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டமை நம் வாசகர் பலர் அறிந்ததே.

இறப்பரைப் பொறுத்தவரையில் இச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக வகுத்துக் காட்டிய பெருமை, இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிற்றியில் 1938 இல் நிறுவப்பட்ட பிரித்தானிய இறப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கத்துக்கு உரியது. 1940களின் தொடக்கத்தில் பார்மர் என்பவர் ஐதரோபரொட்சைட்டுகளின் பங்கைக் காட்டினார். 1946 இல் பொலண்ட், ஜீ என்னும் இருவர் முழுப் பொறிமுறையை வெளியிட்டனர். இன்றும் பாடநூல்களில் உள்ளது அப்பொறிமுறையே. அச்சங்கத்தின் நிதி மலாயாவின் இறப்பர் உற்பத்தியாளரிடமிருந்து வந்தது. அந்நிதி எங்கிருந்து வந்தது என்று மேலும் ஒருபடி கேட்டால், விடியற்காலைப் பனியில் மரத்தடியில் நின்றவரிடமே போய்ச்சேருவோம். விஞ்ஞான ஏடுகளில் அவர்களுக்கு நன்றி கூறும் வழக்கமில்லை.

பொறிமுறையைச் சுருக்கமாகக் கூறுவோம். இறப்பரோ பிளாஸ்டிக்கோ, பல்லாயிரம் காபன் அணுக்கள் நீளத் தொடராகக் கோத்த பல்பகுதியமே. வெப்பத்தாலோ ஒளியாலோ யந்திரத்தின் நெருக்குதலாலோ அத்தொடரிலிருந்து ஓர் ஐதரசன் அணு பறிபோனால், அவ்விடம் துணையற்ற இலத்திரனோடு வெறிகொண்டு நிற்கிறது. இதனைச் சுயாதீன மூலிகம் என்பர். அது உடனே ஒட்சிசனைப் பற்றிப் பரொட்சி மூலிகமாகிறது. பரொட்சி மூலிகம் அயலிலுள்ள தொடரிலிருந்து ஓர் ஐதரசனைப் பறித்துத் தான் அமைதியடைகிறது. ஆனால் பறிகொடுத்த தொடர் புதிய மூலிகமாகிறது. இவ்வாறே மேலும் மேலும் நடக்கிறது. அதுமட்டுமன்று, அமைதியடைந்ததுபோல் தோன்றும் ஐதரோபரொட்சைட்டும் பின்னர் உடைந்து இரு புதிய மூலிகங்களைத் தருகிறது. ஓலைக் குடிசை வரிசையில் ஒரு கூரையிற் பட்ட தீ அடுத்த கூரைக்குத் தாவுவதோடு, அணைந்த சாம்பலிலிருந்தும் மீண்டும் பொறி பறப்பது போன்றது இது. இடையிடையே தொடர்கள் அறுகின்றன. சில ஒன்றோடொன்று பிணைகின்றன. அறுந்தால் பிசுபிசுக்கும், பிணைந்தால் விறைத்து வெடிக்கும். லாச்சியில் நாம் கண்ட இரு தோற்றங்களும் இவையே.

பீனோல் இங்கே என்ன செய்கிறது? அதன் வளையத்தில் உள்ள ஒட்சிசனோடு ஓர் ஐதரசன் தளர்வாகப் பிணைந்திருக்கிறது. பறிக்க வந்த பரொட்சி மூலிகத்துக்குப் பீனோல் தன் ஐதரசனை முந்திக்கொண்டு கொடுத்துவிடுகிறது. கொடுத்தபின் பீனோலும் ஒரு மூலிகமாகிறது. ஆனால் அதன் துணையற்ற இலத்திரன் வளையம் முழுவதும் பரவிவிடுவதால் அதற்கு அடுத்ததைப் பறிக்கும் வெறி இல்லை. சங்கிலி அங்கே அறுகிறது. பின்னர் அது இன்னொரு பரொட்சி மூலிகத்தையும் பிணைத்து அடக்குகிறது. ஆகவே பொதுவாக ஒரு பீனோல் மூலக்கூறு இரு சங்கிலிகளை முடிக்கிறது. இதிலிருந்து இன்னோர் உண்மையும் பெறப்படும்: தடுப்பான் தன்னைச் செலவிட்டே காக்கிறது. அது முற்றாகச் செலவானதும், அதுவரை இளமையோடிருந்த பொருள் சிறுகாலத்தில் மூப்படைந்துவிடுகிறது. தடுப்பான் மூப்பை ஒழிப்பதில்லை, தவணை பெற்றுத்தருகிறது.

கறையற்ற பொருளும் கறைபட்ட வரலாறும்

இரு உலகப் போர்களுக்கிடையே இறப்பர்த் தொழிற்சாலைகளில் ஓங்கி நின்றவை பீனோல்களல்ல, அமீன்களே. அவை வலிமை மிக்கவை. ஆனால் பொருளைப் பழுப்பாக்கிக் கறைப்படுத்துபவை. கரிய ரயருக்கு அது குறையன்று. வெண்ணிறப் பொருள்களுக்கும் நிறப் பொருள்களுக்கும் கறைபடாத பீனோல்களே வேண்டியிருந்தன. பீனோல்கள் பரவியமைக்கு முதற்காரணம் இந்த நிறமே. மனித உடல்நலம் அன்று கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதை ஒளிவுமறைவின்றிக் கூற வேண்டும்.

அமீன்களிற் சில ஏற்படுத்திய கறை இறப்பரில் மட்டும் படவில்லை. 1895 இலேயே பிராங்போர்ட் நகரின் சத்திரவைத்தியர் லூட்விக் ரேன், சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காணப்படுவதைச் சுட்டிக்காட்டினார். 1921 இல் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகம், பீற்றா நப்தைலமீன் என்னும் பொருளின் ஆபத்தை ஓர் அறிக்கையில் எச்சரித்தது. 1938 இல் ஹியூப்பர் என்னும் மருத்துவ அறிஞர், அப்பொருள் நாய்களிலே அதே புற்றுநோயை உண்டாக்குவதைக் காட்டினார். இவ்வளவும் அச்சில் இருந்தன. ஆயினும் பிரித்தானியாவில் ஐ.சி.ஐ. கம்பனி தயாரித்து ரயர்த் தொழிற்சாலைகளுக்கு விற்ற 'நோனொக்ஸ் எஸ்' என்னும் ஒட்சியேற்றத் தடுப்பானில் இப்பொருள் கலந்தே இருந்தது. 1949 இலேதான் அது சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. 1954 இல் கேஸ் என்னும் மருத்துவரும் அவரது துணைவரும் வெளியிட்ட ஆய்வுகள், சாயத் தொழிலாளரிடையேயும் இறப்பர்த் தொழிலாளரிடையேயும் இந்நோய் மிகுந்திருந்ததை எண்ணிக்கையோடு நிறுவின. இந்நோய் பதினைந்து இருபது ஆண்டுகள் மறைந்திருந்து வெளிப்படுவது. ஆகவே பொருளை நீக்கிய பின்னரும் தொழிலாளர் தொடர்ந்து நோயுற்றனர். ஐ.சி.ஐ., டன்லப் ஆகிய இரு கம்பனிகளும் பொறுப்பாளிகளே என்று 1972 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

1921 இற்கும் 1949 இற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் உள்ளன. அந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் எத்தனையோ ஆய்வுகூடங்கள் இறப்பரின் மூப்பை அளந்தன. வெப்ப அடுப்பில் வைத்தும், அழுத்திய ஒட்சிசனில் வைத்தும், ஒரு ரயர் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கணித்தன. அதே பொருளைக் கையால் அளந்து கலவை யந்திரத்திற் கொட்டியவன் எத்தனை ஆண்டு வாழ்வான் என்று கணிக்க எந்த அடுப்பும் வைக்கப்படவில்லை. அறிவு இல்லாமையால் நிகழ்ந்த அவலம் அன்று இது. இருந்த அறிவு யாருக்குரியதாக இருந்தது என்பதிலேதான் அவலம்.

பெற்றோலியத்தின் பிள்ளைகள்

1942 இல் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியரிடம் வீழ்ந்தபோது நேசநாடுகள் தம் இறப்பரிற் பெரும்பகுதியை இழந்தன. இலங்கையின் மரங்கள் வரம்பின்றி வெட்டிப் பால் எடுக்கப்பட்டன. அமெரிக்கா பெற்றோலியத்திலிருந்தும் மதுசாரத்திலிருந்தும் செயற்கை இறப்பர் செய்யும் பெருந்திட்டத்தைத் தொடங்கி, 1944 அளவில் ஆண்டுக்கு 7 இலட்சம் தொன்னுக்கு மேல் உற்பத்தி செய்தது. மரம் தரும் இயற்கைத் தடுப்பான் செயற்கை இறப்பரில் இல்லை. ஆகவே தொழிற்சாலையை விட்டு வெளியேறுமுன்னரே அதற்குத் தடுப்பான் சேர்க்க வேண்டியதாயிற்று.

அதே பெற்றோலியத் தொழில் தடுப்பானையும் தந்தது. எண்ணெய் சுத்திகரிப்பில் கிடைக்கும் ஐசோபியூற்றிலீன் வாயுவைக் கிரெசோலோடு சேர்த்துப் பெறும் பி.எச்.ரி. என்னும் பீனோலுக்கு 1947 இல் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. பீனோலின் ஒட்சிசனுக்கு இருபுறமும் பருத்த காபன் கூட்டங்கள் இரண்டு இதில் காவல் நிற்கின்றன. எளிய பீனோல் விரைவில் வீணாகி நிறம் மாறும், இக்காவலால் பி.எச்.ரி. பரொட்சி மூலிகத்துக்கு மட்டும் வழிவிட்டு ஏனையவற்றைத் தள்ளி நிறுத்துகிறது. 1954 இல் அமெரிக்காவில் இது உணவிற் சேர்க்கவும் அனுமதி பெற்றது.

பிளாஸ்டிக் யுகம் இதற்குப் பெருங்களம் அமைத்தது. 1933 இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பொலித்தீன், 1939 இல் உற்பத்திக்கு வந்து போர்க்காலத்தில் றேடார்க் கருவிகளின் கம்பிக்கு உறையாயிற்று. 1954 இல் இத்தாலிய அறிஞர் ஜூலியோ நத்தா ஒழுங்கமைந்த பொலிபுரொப்பிலீனை ஆக்கினார். 1957 இல் அதன் உற்பத்தி இத்தாலியில் தொடங்கியது. இதன் தொடரில் ஒன்றுவிட்ட ஒவ்வொரு காபனிலும் எளிதிற் பறிபோகும் ஐதரசன் ஒன்று இருக்கிறது. ஆகவே தடுப்பானின்றி இதனை உருக்கினால் யந்திரத்துக்குள்ளேயே சிதையத் தொடங்கிவிடும். பீனோல் தடுப்பான் இல்லையேல் நாம் அறிந்த பொலிபுரொப்பிலீன் தொழிலே இல்லை என்று கூறின் மிகையாகாது.

பி.எச்.ரி.க்கு ஒரு குறை உண்டு. அதன் மூலக்கூறு சிறியது. அதன் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 220. சூட்டில் ஆவியாகிப் போகும். பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்து வெளியேறும். 1960களில் சுவிற்சர்லாந்தின் கெய்கி கம்பனி, அத்தகைய பீனோல் அலகுகள் நான்கை ஒரே நடுவத்திலே பொருத்தி, ஏறத்தாழ 1,178 மூலக்கூற்றுத் திணிவு கொண்ட தடுப்பானை வழங்கியது. இர்கனொக்ஸ் 1010 என்னும் அப்பெயரை இன்றும் பிளாஸ்டிக் தொழிலில் அறியாதார் இல்லை. கனத்த மூலக்கூறு இடம்விட்டு அசைவதில்லை. இதனோடு பொசுபைற்று என்னும் துணைப்பொருளையும் சேர்ப்பர். பீனோல் பறக்கும் பொறியைப் பிடிக்கிறது. துணைப்பொருள் சாம்பலிற் புதைந்திருக்கும் பொறியாகிய ஐதரோபரொட்சைட்டை அணைக்கிறது. நூறு பங்கு பிளாஸ்டிக்கில் இவற்றின் அளவு பெரும்பாலும் அரைப் பங்கைத் தாண்டுவதில்லை.

நீண்ட ஆயுளின் மறுபக்கம்

ஒருகாலத்தில் பொருள் விரைவில் அழிகிறதே என்பது கவலை. இன்று அது அழியவில்லையே என்பது கவலை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைக்கும் நெடுங்காலம் உழைக்கவேண்டிய குழாய்க்கும் ஒரே குடும்பத்துத் தடுப்பான்களே சேர்க்கப்படுகின்றன. உருக்கும் யந்திரத்தைத் தாண்டவேண்டுமாயின் சேர்த்தே ஆகவேண்டும். ஆனால் யந்திரத்தைத் தாண்டியபின் அப்பை எங்கே போகும் என்பது உற்பத்தியாளரின் கணக்கில் இல்லை.

2020 இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட செய்தி ஒன்று கவனத்துக்குரியது. ரயரை ஓசோனிலிருந்து காக்கச் சேர்க்கும் 6 பி.பி.டி. என்னும் அமீன், ஓசோனோடு சேர்ந்து குயினோன் ஒன்றாக மாறி, தெருவிலே தேய்ந்த ரயர்த் தூளிலிருந்து மழைநீரோடு ஆறுகளிற் கலந்து, முட்டையிட வரும் கோஹோ சமன் மீன்களைக் கொல்கிறது. இது பீனோல் அன்று. ஆயினும் ரயரின் ஆயுளை மட்டும் அளந்து, அதற்கப்பால் நடப்பதை அளவாத பழைய வழக்கம் இன்னும் மாறவில்லை என்பதற்கு இது சான்று.

நம் கரையிலும் சான்று உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி, யூனில் மூழ்கியது. அதிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிற் கொட்டின. உலகில் அதுவரை பதிவான இத்தகைய விபத்துகளில் அதுவே மிகப் பெரியது என்பர். நீர்கொழும்பு முதலிய கரைகளில் வெண்மணிகள் பனிபோலக் குவிந்தன. மீனவர் தொழிலிழந்து நின்றனர். இத்தகைய மணிகள் வழமையாகத் தொழிற்சாலையிலேயே தடுப்பான் சேர்க்கப்பட்டு வருபவை. ஊசிக்குழலாகவும் குழாயாகவும் நீடித்து உழைப்பதற்காக அவற்றுக்கு ஊட்டப்பட்ட ஆயுள், இப்போது மணலிலும் மீனின் வயிற்றிலும் கழிகிறது. சூரிய ஒளி அவற்றை மெல்ல உடைக்கும். ஆனால் உடைந்த துகள் மறைந்த துகளன்று. 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம், கப்பலின் உரிமையாளர் உள்ளிட்ட தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

இவற்றை எடுத்துக்காட்டிப் பீனோலைப் பழிப்பது நம் நோக்கமன்று. மருத்துவமனையின் ஊசிக்குழலும், வயலுக்கு நீர் தரும் குழாயும், வீட்டுக்கு ஒளி தரும் கம்பியின் உறையும் அதனால் நிலைபெறுகின்றன. ஒரு குழாய் இருமடங்கு காலம் உழைத்தால், அதனை ஆக்கச் செலவாகும் எண்ணெயும் உழைப்பும் பாதியாகும். அறிவியலின் இக்கொடை உண்மையானது. நாம் வற்புறுத்துவது வேறொன்று. எப்பொருள் எவ்வளவு காலம் நீடிக்க வேண்டும், அதனை ஆக்குவோர் எதனைத் தொடுகின்றனர், அது பயன்முடிந்தபின் எங்கே செல்லும் என்னும் மூன்று கேள்விகளும் ஒரே கேள்வியின் பகுதிகளே. முதலாவதற்கு மட்டும் விடைதேடும் பொறுப்பை ஆய்வுகூடத்திடம் கொடுத்து, ஏனைய இரண்டையும் நீதிமன்றத்துக்கு விட்டுவிடும் ஏற்பாடே இந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் மீண்டும் மீண்டும் தவறியிருக்கிறது. நீதிமன்றம் எப்போதும் பிந்தியே வருகிறது.

வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் இப்பாடத்தை நடத்தும்போது, ஒரு பழைய இறப்பர் வளையத்தையும் ஒரு புதிய வளையத்தையும் மாணவர் கையிற் கொடுக்கலாம். ஒன்று ஏன் அறுகிறது, மற்றது ஏன் நீள்கிறது என்பதற்குச் சங்கிலித் தாக்கம் விடை சொல்லும். அந்த விடையைக் கண்டுபிடிக்கப் பணம் எங்கிருந்து வந்தது, அதனைக் கண்டபின் யார் நோயுற்றனர், நம் கடற்கரையில் அது எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் கேள்விகளை மாணவரே கேட்பார்கள். அவர்கள் கேட்கும்போது, 'இது பாடத்திட்டத்தில் இல்லை' என்று நாம் கூறாதிருக்க வேண்டும்.